கெர்னலிலிருந்து பயனர் நினைவகத்துக்கு நகலெடுக்கும்போது வரும் பிழைகள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் ஒரு தொழிற்கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் எங்கள் பட்டறை இருக்கிறது. ஜூரோங், செனோக்கோ பக்கத்துக் குளிர்கிடங்குகளுக்கு வெப்பநிலை பதியும் கருவிகளைச் செய்து கொடுக்கும் சிறு குழுவில் நான் லினக்ஸ் டிரைவர், அதாவது கருவியை இயங்குதளத்தோடு இணைக்கும் நிரல், எழுதுகிறேன். சென்சார் அட்டை தரும் அளவுகளைக் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) வாங்கி வைத்திருந்து, பயனர் நிரல் கேட்கும்போது அதன் நினைவகத்தில் கொண்டுபோய் வைப்பதுதான் எங்கள் டிரைவரின் வேலை. அந்தக் கடைசி வேலையைச் செய்வது காப்பி_டு_யூசர் என்ற ஒற்றை வரி. பாலிடெக்னிக்கிலிருந்து பயிற்சிக்கு வரும் மாணவர்களும், சில சமயம் என்னைவிட மூத்தவர்களும், அந்த ஒரு வரியைச் சுற்றிய அதே ஏழெட்டுப் பிழைகளோடு திரும்பத் திரும்ப என் மேசைக்கு வருவதால், சொல்வதை எழுதி வைத்துவிட்டேன். திரையில் தெரியும் அறிகுறிக்குரிய தலைப்புக்குப் போய், அங்கே மேலிருந்து கீழாகச் சோதித்து வாருங்கள். எளிய காரணம் முதலிலும் செலவு மிக்க காரணம் கடைசியிலும் இருக்கும்.

தொடங்கும் முன்

வாடிக்கையாளர் இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியில் எதையும் சோதிக்க வேண்டாம். மேசையில் ஒரு சோதனைப் பெட்டியை வைத்து, அதில் டீபக் அட்டாமிக் ஸ்லீப், புரூவ் லாக்கிங், ஹார்டன்ட் யூசர்காப்பி ஆகிய மூன்று தெரிவுகளையும் இயக்கிய கெர்னலைப் போட்டுக்கொள்ளுங்கள். அது சற்று மெதுவாக ஓடும். ஆனால் கீழே வரும் அறிகுறிகளில் பாதியை அந்தக் கெர்னலே வாய்விட்டுச் சொல்லிவிடும்.

பயனர் நிரலை எஸ்டிரேஸ் (நிரல் கெர்னலுக்கு விடும் அழைப்புகளைக் காட்டும் கருவி) வழியாக ஓட்டிய வெளியீட்டையும், கெர்னல் பதிவேட்டின் முழுப் பகுதியையும் சேமித்து வையுங்கள். முழுப் பகுதி என்பதை அழுத்திச் சொல்கிறேன். கடைசிப் பத்து வரிகளை மட்டும் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் உண்டு. காரணம் பெரும்பாலும் அந்தப் படத்துக்கு மேலே, வெட்டப்பட்ட பகுதியில்தான் இருக்கும்.

இன்னொன்றை மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். காப்பி_டு_யூசர் முதலில் சேருமிட முகவரியையும், இரண்டாவதாக மூல முகவரியையும், மூன்றாவதாக நீளத்தையும் வாங்குகிறது. நகலெடுக்க முடியாமல் மிஞ்சிய பைட்டுகளின் எண்ணிக்கையைத் திருப்பித் தருகிறது. முழுவதும் போய்ச் சேர்ந்திருந்தால் பூஜ்யம் வரும்.

அறிகுறி 1: பயனர் நிரலுக்கு "பேட் அட்ரஸ்" என்று பிழை எண் 14 வருகிறது

முதலில் பார்க்க வேண்டியது, இது ஒவ்வொரு முறையும் வருகிறதா, எப்போதாவது வருகிறதா என்பதே. இரண்டுக்கும் வழி வேறு.

*ஒவ்வொரு முறையும் வருகிறது என்றால்*

எஸ்டிரேஸ் வெளியீட்டில் அந்த அழைப்புக்குக் கொடுக்கப்பட்ட முகவரியைப் பாருங்கள். அது பூஜ்யமாகவோ, 7, 24 போன்ற சின்ன எண்ணாகவோ இருந்தால், பயனர் நிரலை எழுதியவர் மாறியின் முகவரியைக் கொடுப்பதற்குப் பதிலாக மாறியின் மதிப்பையே கொடுத்திருக்கிறார். முகவரி ஒழுங்காகத் தெரிந்தால், அது எழுதக்கூடிய நினைவகம்தானா என்று பாருங்கள். நிரலுக்குள் மேற்கோள் குறிக்குள் எழுதப்பட்ட மாறாச் சரத்தின் முகவரியைக் கொடுத்தாலும் இதே பிழைதான் வரும். அதற்கும் அடுத்து, கேட்ட நீளத்துக்கு உண்மையில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 4096 பைட் கொண்ட பக்கத்தின் (கெர்னல் நினைவகத்தைப் பிரித்து வைக்கும் துண்டின்) ஓரத்தில் பஃபர் (தரவு வைக்க ஒதுக்கிய இடம்) முடிந்து, அடுத்த பக்கம் அந்த நிரலுக்குச் சொந்தமில்லாமல் இருந்தால், முன்பகுதி நகலாகி மீதி மிஞ்சிவிடும்.

இவை எதுவும் இல்லையென்றால், பத்தே வரியில் ஒரு சோதனை நிரல் எழுதுங்கள். அது 4096 பைட் ஒதுக்கி, முழுவதையும் பூஜ்யத்தால் நிரப்பி, அதன் முகவரியை டிரைவருக்குக் கொடுக்கட்டும். அந்த நிரலில் பிழை வரவில்லையென்றால் டிரைவரில் குறையில்லை. பயனர் நிரலை எழுதியவரிடம் எஸ்டிரேஸ் வெளியீட்டோடு மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடலாம்.

சோதனை நிரலிலும் பிழை வந்தால் டிரைவருக்குள் பாருங்கள். மிக எளிய காரணம், சேருமிடமும் மூலமும் இடம் மாறியிருப்பது. கெர்னல் முகவரி சேருமிடமாகப் போனால் எல்லைச் சோதனையிலேயே தடுக்கப்பட்டு, ஒரு பைட்டும் நகலாகாது. அடுத்த காரணம், ஐஆக்டல் (சாதனத்துக்குக் கட்டளை அனுப்பும் அழைப்பு) வழியாக வந்த ஸ்ட்ரக்சருக்குள் (பல புலங்களைச் சேர்த்த தரவுத் தொகுப்புக்குள்) இன்னொரு பாயிண்டர் (முகவரி) இருப்பது. வெளி ஸ்ட்ரக்சரைக் காப்பி_ஃப்ரம்_யூசர் மூலம் கெர்னலுக்குள் கொண்டுவந்த பிறகுதான் உள்ளே இருக்கும் முகவரியை எடுக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் சற்று மோசமானது. நகலெடுக்கும் வரி, ஒர்க்கியூ (பிறகு செய்ய வைத்த கெர்னல் வேலைகளின் வரிசை), கெர்னல் திரெட், இன்டரப்ட் கையாளி (வன்பொருள் அழைக்கும்போது ஓடும் பகுதி) ஆகியவற்றில் ஒன்றிலிருந்து ஓடிக்கொண்டிருக்கலாம். பயனர் முகவரி என்பது அதைக் கொடுத்த நிரலின் சார்பில் ஓடும்போது மட்டுமே பொருள் உள்ளது. வேறு இடத்திலிருந்து ஓடினால் பிழை எண் வருவதே நல்லூழ். வராமல் போனால், அந்த சிபியூவில் சற்று முன்பு ஓடிய சம்பந்தமில்லாத வேறொரு நிரலின் நினைவகத்தில் உங்கள் தரவு எழுதப்பட்டிருக்கக்கூடும். கெர்னல் திரெடில் ஓடத்தான் வேண்டுமென்றால் கெர்னலின் 5.8ஆம் பதிப்பிலிருந்து, ஒரு நிரலின் நினைவகத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்த உதவும் கேதிரெட்_யூஸ்_எம்எம் இருக்கிறது. ஆனால் என் கருத்தில், தரவைப் பஃபரில் வைத்துவிட்டு, காத்திருக்கும் பயனர் நிரலை எழுப்பி, அதன் ரீட் அழைப்புக்குள்ளேயே நகலெடுப்பதுதான் ஒழுங்கான வழி.

*எப்போதாவது மட்டும் வருகிறது என்றால்*

இதில் நேரத்தை வீணடித்தவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருவன். முகவரி சரி, நீளம் சரி, சோதனை நிரல் ஆயிரம் முறை ஓடினாலும் பிழையில்லை. வாடிக்கையாளர் இடத்தில் மட்டும் நாளுக்கு ஒரு முறை 14 வருகிறது. இப்படி இருந்தால் முகவரியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, நகலெடுக்கும் வரிக்கு மேலே ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை உறங்காமல் சுற்றிக் காத்திருக்கும் பூட்டு) ஏதாவது பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள்.

பயனரின் பக்கம் அந்த நேரத்தில் நினைவகத்தில் இல்லையென்றால், அதைக் கொண்டுவரக் கெர்னல் உறங்க வேண்டியிருக்கும். ஸ்பின்லாக் பிடித்திருக்கும்போது உறங்கக் கூடாது. பிரீஎம்ப்ட் (ஓடும் வேலையை நடுவில் நிறுத்தி வேறொன்றுக்கு இடம் தரும் தெரிவு) இயக்கிய கெர்னலில், பேஜ் ஃபால்ட் கையாளி (இல்லாத பக்கத்தைத் தொடும்போது ஓடும் பகுதி) இதைக் கண்டுகொண்டு, பக்கத்தைக் கொண்டுவர முயலாமலேயே கைவிட்டுவிடுகிறது; அதனால் முற்றிலும் நல்ல முகவரிக்கும் பிழை வருகிறது. மேசையில் வராமல் வெளியே வருவதற்குக் காரணம், மேசையிலுள்ள பெட்டியில் நினைவகம் தாராளமாக இருப்பதே. எனக்கு இது பிடிபட்டது, வாடிக்கையாளர் பெட்டியில் ஸ்வாப் (நினைவகப் பக்கங்களை வட்டில் ஒதுக்கி வைக்கும் வசதி) இயக்கப்பட்டிருந்ததைத் தற்செயலாகப் பார்த்தபோதுதான். தீர்வு அறிகுறி 4இன் கீழ் இருக்கிறது.

அறிகுறி 2: பிழை எதுவும் இல்லை, ஆனால் எண்ணிக்கையோ தரவோ சரியில்லை

*ரீட் அழைப்பு விசித்திரமான நேர் எண்ணைத் திருப்பித் தருகிறது*

காப்பி_டு_யூசர் தந்த மதிப்பை அப்படியே பயனரிடம் திருப்பி அனுப்பியிருப்பார்கள். மிஞ்சிய பைட்டுகள் 17 என்றால், பயனர் நிரல் அதைப் படிக்கப்பட்ட பைட்டுகள் 17 என்று புரிந்துகொண்டு, இல்லாத தரவை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கிவிடும். முழுவதும் வெற்றியானால் பூஜ்யம் போகும். அதை நிரல் கோப்பு முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். மதிப்பு பூஜ்யம் இல்லையென்றால் மைனஸ் ஈஃபால்ட்டையும் (பிழை எண் 14), பூஜ்யமானால் நகலெடுத்த நீளத்தையும் திருப்பி அனுப்புங்கள். இந்த ஒன்றை மட்டும் சரிசெய்து நான் அனுப்பிய பேட்ச்களை எண்ணி முடியாது.

*கோப்பைத் திரையில் காட்டும் 'கேட்' கட்டளை நிற்காமல் ஓடுகிறது*

படித்த இடத்தைக் குறிக்கும் நிலையெண் நகர்த்தப்படவில்லை. உங்கள் தரவு ஒரு நிலையான பஃபர் என்றால், நீங்களே கணக்குப் போடாமல் சிம்பிள்_ரீட்_ஃப்ரம்_பஃபரைப் பயன்படுத்துங்கள். நீளத்தைக் குறைப்பது, நிலையெண்ணை நகர்த்துவது, முடிவில் பூஜ்யம் தருவது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

*சில பதிவுகள் காணாமல் போகின்றன*

குளிர்கிடங்குத் தொழிலில் இது வெறும் தொழில்நுட்பக் குறை அல்ல. மீன் வைத்திருந்த அறையின் இரவுப் பதிவில் நான்கு நிமிடம் காணவில்லையென்றால், அந்த நான்கு நிமிடம் கதவு திறந்திருந்ததா என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. காரணம் வழக்கமாக ஒன்றுதான்: வரிசையிலிருந்து பதிவை முதலில் நீக்கிவிட்டு, பிறகு பயனருக்கு நகலெடுக்கிறார்கள். நகல் தோற்றால் பயனருக்குப் பிழை போகிறது. நிரல் மறுபடி கேட்கிறது. ஆனால் பதிவு வரிசையிலும் இல்லை, பயனரிடமும் இல்லை. பதிவை நீக்காமல் நகலெடுத்து, வெற்றி என்று தெரிந்த பிறகே வரிசையின் முனையை நகர்த்துங்கள். இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் படிக்க வாய்ப்பிருந்தால், படிப்பவர்களுக்கென்று தனி மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும், உறங்கிக் காத்திருக்கக்கூடிய பூட்டு) ஒன்று வைத்து இந்த முழு வேலையையும் அதற்குள் செய்யுங்கள்.

இதைச் சோதிக்கப் பிழை தானாக வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 5.10ஆம் பதிப்பிலிருந்து கெர்னலில் ஃபெயில்_யூசர்காப்பி என்ற வசதி உண்டு. அதை இயக்கினால், நீங்கள் சொல்லும் விழுக்காட்டில் நகலெடுப்பு வேண்டுமென்றே தோற்கும். அதை 10 விழுக்காட்டில் வைத்து ஓர் இரவு முழுவதும் ஓட்டி, காலையில் பதிவுகளின் வரிசை எண்களில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி 3: பழைய பெட்டியில் ஓடியது, புதிய பெட்டியில் கெர்னலே விழுகிறது

பதிவேட்டில் பேஜ் ஃபால்ட்டைக் கையாள முடியவில்லை என்ற வரியும், கெர்னல் நிலையில் எழுத முயன்றதாகவும் அனுமதி மீறலென்றும் அடுத்தடுத்த வரிகளும் இருக்கும். முகவரியைப் பார்த்தால் அது கெர்னல் முகவரியாக இல்லாமல் சாதாரணப் பயனர் முகவரியாக இருக்கும். காப்பி_டு_யூசரைப் பயன்படுத்தாமல், சாதாரண நினைவக நகலான மெம்காப்பி கொண்டோ பாயிண்டரில் நேரடியாகவோ யாரோ எழுதியிருக்கிறார்கள்.

பழைய சிபியூக்களில் இது ஓடிவிடும், பக்கம் நினைவகத்தில் இருக்கும்வரை. இன்டெல் சிபியூக்களில் பிராட்வெல் தலைமுறையிலிருந்து ஸ்மாப் என்ற தடுப்பும், ஏஆர்எம் பக்கம் 8.1ஆம் வடிவமைப்பிலிருந்து பான் என்ற தடுப்பும் வந்துவிட்டன. அனுமதி பெறாமல் கெர்னல் பயனர் நினைவகத்தைத் தொட்டால் சிபியூவே நிறுத்திவிடும். அதனால்தான் வன்பொருள் மாற்றிய அன்று பிழை பிறந்தது போலத் தெரிகிறது. ஸ்மாப்பை அணைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று இணையத்தில் ஆலோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். கதவின் பூட்டு இறுக்கமாக இருக்கிறதென்று பூட்டையே கழற்றி எறிவதற்குச் சமம் அது, செய்யாதீர்கள்.

சோதனை மலிவானது. ஸ்பார்ஸ் என்ற கருவியை நிறுவி, கெர்னல் மாட்யூலைக் கட்டும்போது மேக் கட்டளையோடு சி சமம் 2 என்று சேருங்கள். பயனர் முகவரி என்று குறியிடப்பட்ட பாயிண்டரை நேரடியாகத் தொடும் ஒவ்வோர் இடத்தையும், வெவ்வேறு முகவரி வெளிகள் கலந்துவிட்டன என்று அது சுட்டிக்காட்டும். குறியீட்டை வார்ப்பு (வகை மாற்றம்) போட்டு மறைத்திருந்தால் ஸ்பார்ஸுக்கும் தெரியாது. ஆகவே அத்தகைய வார்ப்புகளைத் தனியாகத் தேடிப் பாருங்கள்.

ஸ்பார்ஸ் ஒன்றும் சொல்லவில்லையென்றால், நகலெடுக்கும் செயற்கூறுகளின், பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு போட்ட வடிவங்களைத் தேடுங்கள். அவை முகவரி எல்லைச் சோதனையைச் செய்வதில்லை. அந்தச் சோதனையைச் செய்யும் ஆக்சஸ்_ஓகேயை முன்பே அழைத்திருக்க வேண்டும். இதில் பெரியவர்களும் தடுக்கி விழுந்திருக்கிறார்கள்: 2017இல் கெர்னலின் வெயிட்ஐடி சிஸ்டம் காலில் இந்தச் சோதனை விடுபட்டதால், சாதாரணப் பயனர் ஒருவர் கெர்னல் நினைவகத்தில் எழுத முடிந்தது. பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2017-5123 என்று அது பதிவாகியிருக்கிறது. சில நானோநொடிகளை மிச்சம் பிடிக்க வேண்டிய தேவை வெப்பநிலை பதியும் டிரைவருக்கு இல்லை. இரண்டு அடிக்கோடு கண்ட இடத்தில் சாதாரண வடிவத்தைப் போட்டுவிடுங்கள்.

அறிகுறி 4: "ஸ்லீப்பிங் ஃபங்ஷன்" எச்சரிக்கை வருகிறது, அல்லது பெட்டி உறைந்துவிடுகிறது

*எச்சரிக்கை மட்டும் வருகிறது*

சோதனைக் கெர்னலில் இந்த எச்சரிக்கை வந்தால் மகிழ்ச்சியடையுங்கள். வாடிக்கையாளர் இடத்தில் உறைந்திருக்க வேண்டிய பெட்டியை மேசையிலேயே பிடித்துவிட்டீர்கள். பயனர் பக்கம் நினைவகத்தில் இருந்தாலும்கூட, ஸ்பின்லாக் பிடித்தபடி காப்பி_டு_யூசரை அழைத்த உடனேயே இந்த எச்சரிக்கை வந்துவிடும். அழைப்புத் தடத்தைப் பார்த்து, எந்த லாக் எங்கே பிடிக்கப்பட்டது என்று கண்டுபிடியுங்கள்.

திருத்தம் எப்போதும் ஒரே வடிவம்தான். லாக்குக்கு வெளியே ஒரு தற்காலிகப் பஃபரை வைத்துக்கொள்ளுங்கள். லாக்கைப் பிடித்து, பகிரப்பட்ட தரவைத் தற்காலிகப் பஃபருக்கு நகலெடுத்து, லாக்கை விட்டுவிடுங்கள். அதன் பிறகே தற்காலிகப் பஃபரிலிருந்து பயனருக்கு நகலெடுங்கள். எங்கள் டிரைவரில் ஒரு பதிவு 24 பைட்தான். அதை ஸ்டாக்கிலேயே (செயற்கூறு ஓடும்போது கிடைக்கும் தற்காலிக நினைவகத்திலேயே) வைக்கலாம். பல பதிவுகளை ஒரே முறையில் தருவதானால் தற்காலிகப் பஃபரை லாக்கைப் பிடிக்கும் முன்பே ஒதுக்கிக்கொள்ளுங்கள். லாக்குக்குள் போய் ஒதுக்கினால் அதே எச்சரிக்கை வேறு பெயரில் திரும்பி வரும்.

இரண்டு முறை நகலெடுப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். "அண்ணே, இது வேகத்தைக் குறைக்காதா?" என்று சென்ற ஆண்டு ஒரு மாணவர் கேட்டார். அளந்து பார்க்கச் சொன்னேன். நொடிக்கு நாற்பது பதிவுகள் வரும் டிரைவரில் எந்த வித்தியாசத்தையும் அவரால் அளக்க முடியவில்லை.

*பெட்டி உறைகிறது, 120 நொடிக்கு மேல் ஒரு நிரல் தடைப்பட்டிருப்பதாகப் பதிவு வருகிறது*

ஸ்பின்லாக்கை மியூடெக்ஸாக மாற்றிவிட்டால் எச்சரிக்கை நின்றுவிடும். அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு வருவது இது. மியூடெக்ஸ் பிடித்தபடி நகலெடுப்பது பொதுவாகத் தவறில்லை. ஆனால் அதே மியூடெக்ஸை உங்கள் டிரைவரின் எம்மேப் கையாளியும் (சாதன நினைவகத்தை நிரலின் முகவரி வெளியில் இணைக்கும் பகுதியும்) பிடிக்குமானால் ஆபத்து. எம்மேப் கையாளி ஓடும்போது அந்த நிரலின் முகவரி வெளியைக் காக்கும் எம்மேப்_லாக் ஏற்கெனவே பிடிக்கப்பட்டிருக்கும். அது உங்கள் மியூடெக்ஸுக்காகக் காத்திருக்கும். மறுபக்கம் ரீட் அழைப்பு மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டு நகலெடுக்கும்போது பேஜ் ஃபால்ட் வந்தால், எம்மேப்_லாக்குக்காகக் காத்திருக்கும். ஒற்றையடிப் பாலத்தில் எதிரெதிரே வந்த இருவர் போல இரண்டு திரெடுகளும் நின்றுவிடும்.

புரூவ் லாக்கிங் இயக்கிய கெர்னலில், உண்மையில் உறையாமலேயே, வட்டமான லாக் சார்பு இருக்கக்கூடும் என்று பதிவாகும். எந்த இரண்டு லாக், எந்த வரிசையில் என்பதும் அதில் இருக்கும். 5.8ஆம் பதிப்புக்கு முந்தைய கெர்னல்களில் எம்மேப்_லாக் என்பதற்குப் பதில் எம்மேப்_செம் என்ற பழைய பெயர் தெரியும், குழம்ப வேண்டாம். பெட்டி ஏற்கெனவே உறைந்திருந்தால், கன்சோல் பதிலளிக்கிற நிலையில் இருந்தால் மறுதொடக்கம் செய்யாமல், சிஸ்ஆர்க்யூ (கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளை தரும் விசை) வழியாக டபிள்யூ கட்டளையை அனுப்பி, தடைப்பட்ட நிரல்கள் அனைத்தின் தடத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். மறுதொடக்கம் செய்தால் சாட்சி அழிந்துவிடும்.

திருத்தம், எம்மேப் கையாளிக்குத் தனி லாக் கொடுப்பது. அல்லது மேலே சொன்ன தற்காலிகப் பஃபர் முறைக்கே போய்விடுவது.

*இங்கே எப்போது உதவி கேட்க வேண்டும்*

தடத்தில் தெரியும் இரண்டு லாக்குகளில் ஒன்றுகூட உங்கள் டிரைவருடையது இல்லையென்றால், அல்லது சிப் தயாரிப்பாளர் கொடுத்த மூடிய மாட்யூல் ஒன்று நடுவில் இருந்தால், நீங்கள் இரவில் கண் விழிப்பதில் பயனில்லை. முழுத் தடம், கெர்னல் பதிப்பு, பிழையை மறுபடி வரவழைக்கும் சிறு நிரல் ஆகிய மூன்றோடு தயாரிப்பாளரின் ஆதரவுப் பொறியாளரிடம் கொடுங்கள். இந்த மூன்றும் இல்லாமல் கொடுத்தால், முதல் ஒரு வாரம் அவற்றைக் கேட்டு மின்னஞ்சல் வருவதிலேயே போய்விடும்.

அறிகுறி 5: "யூசர்காப்பி" என்று தொடங்கும் வரியோடு நிரல் கொல்லப்படுகிறது

கெர்னல் நினைவகம் வெளிப்படும் முயற்சி கண்டறியப்பட்டது என்று அந்த வரி சொல்லும். அதோடு எந்த ஸ்லாப் பொருள் (கெர்னல் ஒதுக்கிய நினைவகத் துண்டு), எந்த இடத்திலிருந்து, எத்தனை பைட் என்பதும் இருக்கும். கேமெல்லாக்-64 பொருளிலிருந்து 128 பைட் என்று இருந்தால், 64 பைட் மட்டுமே உள்ள இடத்திலிருந்து 128 பைட் எடுக்கப் பார்த்தீர்கள் என்று பொருள். இது 2016இல் 4.8ஆம் பதிப்போடு வந்த பாதுகாப்பு. குறை அதனுடையது அல்ல.

பெரும்பாலும் பயனர் கேட்ட நீளத்தை அப்படியே நம்பியிருப்பார்கள். கையிலுள்ள தரவின் நீளம், பயனர் கேட்ட நீளம் இரண்டில் சிறியதை எடுங்கள். அதைச் செய்தும் வந்தால், நீளக் கணக்கில் எதிர்மறை எண் குறியில்லாத எண்ணாக மாறிப் பெரிதாகிவிட்டதா என்று பாருங்கள். கழித்தல் வரும் இடமெல்லாம் சந்தேகத்துக்குரியது. நீளம் சரியாகவே இருந்து, பொருள் நீங்களே உருவாக்கிய தனி ஸ்லாப் கேஷிலிருந்து வந்ததென்றால், பயனருக்குக் கொடுக்கலாம் என்ற பகுதியை அறிவிக்காமல் விட்டிருக்கிறீர்கள், 4.16ஆம் பதிப்பிலிருந்து கேஷை உருவாக்கும் செயற்கூறின் யூசர்காப்பி வடிவத்தில் அந்தப் பகுதியைக் குறிப்பிட வேண்டும். முழுப் பொருளையும் திறந்துவிடாமல், தேவையான புலங்களை மட்டும் திறங்கள்.

அறிகுறி 6: தரவு சரி, ஆனால் நடுவில் குப்பை பைட்டுகள் தெரிகின்றன

எல்லா அறிகுறிகளிலும் அமைதியானதும் ஆபத்தானதும் இதுவே. பிழை எண் இல்லை, எச்சரிக்கை இல்லை, வாடிக்கையாளர் புகாரும் இல்லை. எங்களிடம் இது தெரியவந்தது, ஒரு மாணவர் பயனர் நிரல் வாங்கிய பதிவைப் பதினாறடிமான எண்களாக அச்சிட்டுப் பார்த்தபோது.

எங்கள் பதிவில் மூன்று புலங்கள் இருந்தன: சேனல் எண்ணுக்கு 1 பைட், நேரத்துக்கு 8 பைட், வெப்பநிலைக்கு 4 பைட். கூட்டினால் 13. ஆனால் ஸ்ட்ரக்சரின் அளவு 24. சேனலுக்குப் பின் 7 பைட், வெப்பநிலைக்குப் பின் 4 பைட் என்று 11 பைட்டுகளைக் கம்பைலர் இடைவெளியாக விட்டிருந்தது. டிரைவர் மூன்று புலங்களையும் நிரப்பியது. இடைவெளியை யாரும் தொடவில்லை. அங்கே ஸ்டாக்கில் முன்பு கிடந்தது எதுவோ அதுவே பயனருக்குப் போனது. மாணவர் காட்டிய வரியில் நேரத்துக்கு முன்னால் இருந்த அந்த 7 பைட்டுகளின் கடைசி இரண்டும் எஃப் எஃப், எஃப் எஃப் என்று இருந்தன; 64 பிட் எக்ஸ்86 பெட்டியில் கெர்னல் முகவரி அப்படித்தான் தொடங்கும். யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய சாதனக் கோப்பு வழியாகக் கெர்னலின் முகவரிகளை நாங்களே விநியோகித்துக்கொண்டிருந்தோம்.

முதல் திருத்தம், ஸ்ட்ரக்சரை நிரப்பும் முன் முழுவதையும் மெம்செட்டால் பூஜ்யமாக்குவது. அறிவிக்கும்போது சுருள் அடைப்பில் தொடக்க மதிப்பு கொடுத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். புலங்களுக்கு அது பூஜ்யம் தரும், இடைவெளிக்குத் தருமா என்பது கம்பைலரைப் பொறுத்தது. ஹீப்பில் ஒதுக்குவதானால் கேமெல்லாக்குக்குப் பதில் கேஸெல்லாக். நான் விரும்பும் திருத்தம் இன்னொன்று: இடைவெளியையே ஒழித்துவிடுவது. பெரிய புலத்தை முன்னால் வைத்து, மிஞ்சும் இடத்துக்கு ஒதுக்கீட்டுப் புலம் என்று பெயரிட்டு அறிவித்து, அதில் பூஜ்யம் எழுதுங்கள். நேரம் 8, வெப்பநிலை 4, சேனல் 1, ஒதுக்கீடு 3: மொத்தம் 16, மறைவிடம் ஏதுமில்லை.

கண்ணால் தேடி முடியாத பெரிய டிரைவராக இருந்தால், 6.1ஆம் பதிப்பிலிருந்து கெர்னலில் உள்ள கேஎம்சானை இயக்கி ஓட்டுங்கள். தொடக்க மதிப்பு இல்லாத பைட் பயனருக்குப் போனால், அந்த பைட் எங்கே பிறந்தது என்பதுவரை காட்டிக்கொடுக்கும். கிளாங் கம்பைலர் வேண்டும், நினைவகம் நிறையத் தின்னும். ஆனாலும் ஒரு முறையாவது ஓட்டிப் பாருங்கள்.

*இங்கே எப்போது உதவி கேட்க வேண்டும்*

கசிவு மேசையில் பிடிபட்டால் திருத்திவிட்டுப் போகலாம். விற்கப்பட்ட பெட்டிகளில் இருந்தால், அது டிரைவர் எழுதுபவர் தனியாக முடிவெடுக்கும் விஷயமல்ல. நிறுவனத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றே சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரில் இணையப் பாதுகாப்பு அமைப்பின்கீழ் உள்ள சிங்செர்ட் இத்தகைய பலவீனங்கள் பற்றிய தகவல்களைப் பெற்றுக்கொள்கிறது. உங்கள் தயாரிப்பு 2020இல் தொடங்கிய இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தில் முத்திரை பெற்றதாக இருந்தால், தாமதம் இன்னும் சங்கடத்தைத் தரும். குறை உங்கள் டிரைவரில் இல்லாமல் பொதுக் கெர்னலிலேயே இருந்தால், திருத்தம் வெளிவரும்வரை பொதுவெளியில் எழுதாமல் கெர்னலின் பாதுகாப்புக் குழுவுக்குத் தனியாகத் தெரிவியுங்கள்.

அறிகுறி 7: 64 பிட் நிரலில் சரி, 32 பிட் நிரலில் மட்டும் பிழை

எங்கள் வாடிக்கையாளர் ஒருவரிடம் பழைய 32 பிட் நிரல் ஒன்று இன்றும் ஓடுகிறது. அதை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், மூல நிரலும் கிடைக்கவில்லை. இங்கே குளிர்கிடங்குகளில் இது அபூர்வமில்லை.

ஐஆக்டல் அழைப்புக்குப் பிழை எண் 25 வந்தால், முதலில் டிரைவரில் 32 பிட் நிரல்களின் அழைப்பை ஏற்கும் காம்பட்_ஐஆக்டல் கையாளி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், 5.5ஆம் பதிப்பு முதல் காம்பட்_பிடிஆர்_ஐஆக்டல் என்பதை அந்த இடத்தில் குறிப்பிட்டாலே எளிய டிரைவர்களுக்குப் போதும். ஆனால் ஸ்ட்ரக்சர் இரண்டு பக்கமும் ஒரே வடிவில் இருந்தால்தான் அது போதும். எக்ஸ்86இல் 32 பிட் நிரலுக்கு 8 பைட் எண் 4இன் மடங்கில் இருந்தாலே போதும்; ஆகவே மேலே சொன்ன எங்கள் பழைய பதிவு, கெர்னலில் 24 பைட்டாகவும் அந்த நிரலில் 16 பைட்டாகவும் இருந்தது. ஐஆக்டல் கட்டளை எண்ணுக்குள் ஸ்ட்ரக்சரின் அளவும் பொதிந்திருப்பதால், இரு பக்கமும் வெவ்வேறு கட்டளை எண்களைப் பேசிக்கொண்டிருந்தன. 25 வந்தது நல்லதாயிற்று. அளவைப் பொதியாத எண்ணாக இருந்திருந்தால், 16 பைட் இடத்தில் 24 பைட் எழுதி, அந்த நிரலின் பக்கத்து மாறிகளை அழித்திருப்போம்.

புதிதாக எழுதுவதானால் அறிகுறி 6இல் சொன்ன இடைவெளியற்ற 16 பைட் வடிவத்தைப் பயன்படுத்துங்கள். ஸ்ட்ரக்சருக்குள் பாயிண்டர் வேண்டியிருந்தால் அதை 64 பிட் எண்ணாக அறிவித்து, கெர்னலில் யூ64_டு_யூசர்_பிடிஆர் மூலம் மாற்றிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வெளியே போய்விட்ட வடிவத்தை மாற்ற முடியாது. எங்கள் வாடிக்கையாளரின் நிரலுக்காகப் பழைய கட்டளை எண்ணைத் தனியாகக் கையாண்டு, புலம் புலமாகப் பழைய வடிவத்துக்கு மாற்றி நகலெடுக்கும் இருபது வரிகளைச் சேர்த்தோம். அந்த இருபது வரிகளுக்கு மேலே, எந்த நிரலுக்காக, எந்த ஆண்டு சேர்க்கப்பட்டது, அந்த நிரல் ஓய்வு பெற்றதும் நீக்கிவிடலாம் என்று ஒரு குறிப்பு இருக்கிறது. இன்னும் நீக்கவில்லை.